டிபிஎஃப் விளக்கு ஏன் எரிகிறது? டீசல் கார் கேள்வி பதில்

கேள்வி: வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். பிஎஸ்6 டீசல் கார். மாதம் தவறாமல் டிபிஎஃப் (டீசல் புகைக்கரி வடிகட்டி) எச்சரிக்கை விளக்கு எரிகிறது. வடிகட்டியே தரமற்றதா, ஐயா?

பதில்: வடிகட்டியைக் குறை சொல்ல மாட்டேன், உங்கள் பயணத் தூரம் அதற்குப் போதவில்லை. தேன்கூடு போன்ற பீங்கான் சுவர்களில் புகைக்கரியைப் பிடித்து வைத்து, ஓரளவு சேர்ந்ததும் கூடுதல் டீசலைச் செலுத்தி, ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதை எரித்துவிடும் வகையில்தான் அமைத்திருக்கிறார்கள். இந்த ரீஜெனரேஷனுக்கு, இஞ்சின் நன்கு சூடேறிய பிறகும் பத்து இருபது நிமிடத் தடையற்ற ஓட்டம் வேண்டும். நீங்களோ அது சூடேறுவதற்குள் அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள். வாரம் ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இஞ்சினை அணைத்த பின்னும் ரேடியேட்டர் விசிறி சுழன்று, சூட்டு வாடையும் வந்தால், எரிப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கக்கூடும். அந்நேரத்தில் காய்ந்த புல்மேல் காரை நிறுத்தாதீர்கள். உண்மையில் உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல் கார்தான் பொருந்தும். ஷோரூமில் இதை யார் சொல்லப் போகிறார்கள்!

கேள்வி: டிப்ஸ்டிக்கில் பார்த்தால் ஆயில் அளவு குறையாமல் கூடுகிறதே?

பதில்: அது ஆயிலன்று, டீசல். ரீஜெனரேஷனுக்காகத் தாமதமாகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கிவிடுகிறது. எரிப்பு அடிக்கடி தடைபட்டால் இதுவும் கூடி, ஆயில் நீர்த்துப்போய், டர்போவும் பேரிங்குகளும் தேயும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பாராமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். கையேட்டில் குறிப்பிட்ட, சாம்பல் குறைவான ஆயிலையே ஊற்றுங்கள்; கரி எரிந்துவிடும், ஆயில் சாம்பல் எரியாது.

கேள்வி: நெடுஞ்சாலையில்தான் ஓட்டுகிறேன். சர்வீஸில் இருமுறை கட்டாய ரீஜெனரேஷன் செய்தும் விளக்கு திரும்ப வருகிறது. வடிகட்டியை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். நெடுஞ்சாலைக் காரில் வடிகட்டி அடைத்தால், காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்: ஒழுகும் இஞ்செக்டர், புகையில் ஒரு பகுதியை இஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி படிவு, டர்போ குழாய்க் கசிவு. என்னிடம் வந்த ஒரு காரில், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை ஒப்பிடும் அழுத்த வேறுபாட்டு சென்சாருக்குப் போகும் விரல் பருமன் ரப்பர் குழாய், கிளிப்புக்கு அடியில் நகக்கீறல் அளவுக்கு வெடித்திருந்தது. அழுத்தம் அங்கேயே கசிந்ததால், வடிகட்டி நிறைவதைக் கணினி அறியவே இல்லை. குழாயை மாற்றி ஒருமுறை எரித்ததோடு சரியாயிற்று. ஸ்கேனரில் கரி அளவையும், இஞ்சின் சும்மா ஓடும்போதும் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலும் அழுத்த வேறுபாட்டையும் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வடிகட்டியைக் கழற்றி, மென்பொருளையும் மாற்றித் தருகிறேன் என்கிறார் தெரிந்த மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தயாரிப்பாளரின் அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை. கரியைப் பிறர் நுரையீரலுக்கு அனுப்புவது ஒருபுறமிருக்க, அடைப்புக்குக் காரணமான ஒழுகும் இஞ்செக்டர் போன்ற கோளாறு அப்படியேதான் இருக்கும். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சாம்பல்தான் நிறைந்திருக்கிறது என்றால், வடிகட்டியைக் கழற்றி இயந்திரத்தில் சுத்தம் செய்து மீண்டும் பொருத்தும் இடங்கள் உள்ளன. புதியது வாங்குவதற்கு முன் அங்கே விலை கேளுங்கள்.