தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெயில்காலத்தில் சைக்கிள் பயணம் போனால் வறண்ட காட்டில் என்னென்ன செடிகள், உயிரினங்கள் கண்ணில் படும்? எப்படிக் கவனிப்பது?

முதலில் முள்ளை அடையாளம் காணப் பழகுங்கள். இங்கே இருப்பது பாலைவனம் அல்ல, முட்புதர்க்காடும் வறண்ட இலையுதிர்காடும். மார்ச், ஏப்ரலில் பல மரங்கள் இலையைக் கொட்டிவிடும். அப்போது அடையாளத்துக்கு மிஞ்சுவது பட்டையும் முள்ளும்தான். டயரைக் காப்பாற்றுவதும் அதே அறிவுதான்.

வெளிறிய பட்டையும் இலைக்காம்படியில் இரட்டை முள்ளும் இருந்தால் வெள்வேல். ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கோடையிலும் பச்சையாக நிற்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம். இரண்டின் அடியிலும் உதிர்ந்த முள் கிடக்கும், நிழலுக்கு அங்கே ஒதுங்க வேண்டாம். உசில் மரத்துக்கு முள் கிடையாது. இலை பொடிப்பொடியாக இருக்கும், அரப்புத்தூள் அதிலிருந்துதான் வருகிறது. உசில், புளி, வேம்பு என்று பார்த்து நிறுத்துங்கள்.

தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூப்பது நெருஞ்சி. பஞ்சருக்கு முதல் காரணம் அதன் காய். தார்ச்சாலையை விட்டு இறங்கும்போது சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பஞ்சர் ஆனால் ட்யூபை ஒட்டியதோடு விடாதீர்கள். முள்நுனி முறிந்து டயருக்குள்ளேயே நிற்கும், காற்றடித்துக் கொஞ்ச தூரம் போனதும் அதே இடத்தில் மறுபடி குத்தும். டயரின் உட்புறம் முழுக்கப் பஞ்சையோ துணியையோ ஓட்டுங்கள். சிக்கும் இடத்தில் முள் இருக்கும், சின்ன இடுக்கியால் பிடுங்கலாம். மாற்று ட்யூப் இரண்டு வேண்டும்.

கள்ளிகளுக்கு நேரம் ஒதுக்குங்கள், இந்த நிலத்தின் சாமர்த்தியம் அங்கேதான் தெரியும். சதுரக்கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் பகலில் தண்டிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்றை வாங்கும், அதனால் நீர் இழப்பு குறைவு. வேலியில் ஏறும் பிரண்டையும் அப்படித்தான். ஆனால் இரண்டு கள்ளியும் ஒரே குடும்பம் இல்லை. சதுரக்கள்ளி நம் மண்ணுடையது, கீறினால் பால் வரும். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது, அதில் பால் இல்லை. சோதித்துப் பார்க்கிறேன் என்று கீறிவிடாதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடலாம். உடனே சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்காகவே ஒரு பாட்டிலில் உப்பு, சர்க்கரை எதுவும் கலக்காத வெறும் தண்ணீர் இருக்கட்டும். குடிக்க மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் தேவைப்படும்.

உயிரினங்களுக்குக் காலை 6 முதல் 9 வரைதான். மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போனால் பாதி தவறிவிடும். மின்கம்பியில் மங்கலாக உட்கார்ந்திருக்கும் பறவை பறந்ததும் நீலமாக விரிந்தால் பனங்காடை. கௌதாரியைக் காதால்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல் பாறைகளில் பாறை ஓணானைத் தேடுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு செம்மஞ்சளாகவும் விலா கறுப்பாகவும் மாறும். நல்ல மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் போலிருக்கும் தம்பலப்பூச்சி ஊரும், அதைப் பார்க்கச் சைக்கிளை விட்டு இறங்கிக் குனிய வேண்டும்.

ஒகேனக்கல் நோக்கி இறங்கினால் ஆச்சா மரங்கள் கூடும், ஒட்டிய இரட்டை இலையே அடையாளம். ஆற்றங்கரை நீர்மருதுகளில் அண்ணாந்து பாருங்கள், சாம்பல் நிற அணில் அங்கே வாழ்கிறது. காவிரியில் முதலை உண்டு, ஆளில்லாத மடுவில் இறங்கிக் குளிக்கக் கூடாது.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காட்டுச்சாலைகளில் மட்டும் விதி வேறு. மற்ற இடங்களில் உதவும் சைக்கிளின் அமைதி இங்கே ஆபத்து, யானைக்கு நீங்கள் வருவது தெரியாது. வளைவுகளில் மணி அடியுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் போக வேண்டாம். கிளம்புமுன் டீக்கடையில் "ஆனை எறங்கியிருக்குதாங்கண்ணா?" என்று கேட்டால் சரியான தகவல் கிடைக்கும். ஈரம் காயாத சாணமோ, புதிதாக முறிந்த கிளையோ தெரிந்தால் அங்கேயே திரும்பி வந்து, வரும் பஸ்ஸிலோ சரக்கு வண்டியிலோ சைக்கிளோடு ஏறிக் கடந்துவிடுங்கள்.