கட்டி வலிக்கவில்லை, அப்புறம் ஏன் ஆஸ்பத்திரி? மிஸி அக்காவின் பதில்கள்

தோட்டத்துக் கிளினிக்கில் மிஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது, வலது பக்கம் எடுத்தாயிற்று, நன்றாக இருக்கிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துப் பெண்கள் சிலர் நேரில் கேட்கக் கூச்சப்பட்டு எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினாலும் வலி இல்லை. தீபாவளி முடிந்ததும் காட்டினால் போதுமா அக்கா?

போதாது. இந்த வாரமே போ. வலி இல்லை என்பதால்தான் நம் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஆரம்பத்தில் இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை, அது வேறு விஷயம், ஆனால் அதைக் கையால் தடவிப் பார்த்து நீயோ உன் நாத்தனாரோ முடிவு செய்ய முடியாது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலும், தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாக ஆனாலும், காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான், தள்ளிப்போடக் கூடாது.

கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கக் கிளினிக்கில், ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். பெண் டாக்டர் வேண்டும் என்று கவுண்டரில் கேட்கலாம், ஆண் டாக்டர்தான் இருக்கிறார் என்றால் மிஸி கூடவே நிற்கச் சொல்லலாம். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) 2013ல் தொடங்கிய இலவசப் பரிசோதனைத் திட்டத்தில், அதில் பதிந்த 40 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) உண்டு, ஆனால் அது அறிகுறி ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பவர்களுக்கு. உனக்குக் கட்டியே கையில் தட்டுப்படுகிறது, வவுச்சருக்குக் காத்திருக்காதே.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். மலேசியாவில் 2007 முதல் 2011 வரை இந்த நோய் கண்டறியப்பட்டவர்களில், முதல் நிலையில் வந்தவர்களுக்கு ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதம் 87.5 விழுக்காடு. நான்காம் நிலையில் வந்தவர்களுக்கு 23.3. தீபாவளிப் பலகாரம் அடுத்த வருஷமும் சுடலாம்.

கேள்வி: ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. பயாப்சி எடுக்காமல் அது என்ன வகை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று யாருக்கும் தெரியாது. பயந்துகொண்டு ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தால்தான் பரவும்.

கேள்வி: கீமோவில் முடி எப்படியும் கொட்டப் போகிறது. அதற்கு முன்னாலேயே முருகனுக்கு மொட்டை போட்டுவிடலாமா?

தாராளமாக. முதல் கீமோ போட்டு இரண்டு மூன்று வாரத்தில், தலையணையிலும் குளியலறைச் சல்லடையிலும் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதைவிட, கோயிலில் கொடுத்துவிட்டு வருவது மனதுக்கு எவ்வளவோ மேல். ஆனால் கீமோ தொடங்குவதற்கு முன்னாலேயே போடுங்கள், புது பிளேடு கேளுங்கள். தொடங்கிய பிறகு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், சின்னக் கீறல் கூடச் சீழ் பிடிக்கும், அப்போது மெஷின் வைத்து ஒட்ட வெட்டிக்கொண்டால் போதும். புருவமும் போகலாம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிகிச்சை முடிந்ததும் முடி வளரும், சிலருக்குச் சுருட்டையாக வளரும்.

கேள்வி: அம்மாவுக்குக் கீமோ போட்டுப் பத்து நாள். நேற்று ராத்திரி காய்ச்சல், பானடோல் கொடுத்தோம்.

காலை வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், 38 டிகிரி வந்தால் நடுராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குப் போங்கள், போனதும் முதல் வார்த்தையாக "கீமோ நோயாளி" என்று சொல்லுங்கள். பானடோல் காய்ச்சலை மறைக்கும், உள்ளே கிருமி வேலை செய்துகொண்டே இருக்கும். இதைப் படித்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: டுரியான் பெலண்டா (முள்சீத்தா) இலை, பெலாலை காஜா மூலிகை இலை எல்லாம் அரைத்துக் குடித்தால் ஆபரேஷனே வேண்டாமாம். எங்கள் லயத்தில் நான்கு பேர் சொல்கிறார்கள்.

அந்த நான்கு பேரில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்து பயாப்சியில் உறுதியாகி, இலையால் மட்டும் குணமானது என்று கேட்டுப் பாருங்கள். வேலியோரம் பெலாலை காஜா வளராத வீடு இங்கே குறைவு, பறித்துக் கொடுப்பவர்கள் பாசத்தில்தான் கொடுக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த இலைகள் மனிதர்களுக்கு வந்த புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் கிடையாது. பச்சையாக அரைத்துக் குடிப்பதில் கீமோ சமயத்தில் இன்னொரு ஆபத்து, மண்ணும் கொதிக்காத தண்ணீரும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். எதைக் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்துவிட்டு, ஈரல் ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியபோது முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோழி, முட்டை, மீன் வேண்டாம் என்று பத்தியம் வைப்பதும் தப்பு, அந்த நேரத்தில் உடம்புக்குப் புரதம் வேண்டும்.

கேள்வி: நான் இன்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறேன். அக்குளில் நெறிக்கட்டி எடுத்ததிலிருந்து சாயங்காலம் கை வீங்குகிறது, வளையல் இறுகுகிறது.

அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்தால் நீர் வடியும் வழி குறைந்துவிடும், அதனால் வரும் வீக்கம் இது. வளையலில் கவனித்தது நல்லது, சீக்கிரம் பிடித்தால் கட்டுப்படுத்தலாம். பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்கள், அளவெடுத்து அழுத்த உறை கொடுப்பார்கள், கை கட்டும் விதமும் சொல்லித் தருவார்கள். கையைப் பயந்து மடக்கியே வைத்திருக்காதீர்கள், அசைவு நல்லது, சுமையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

உங்கள் தொழிலில் எனக்குப் பயம் வெட்டுக்காயமும் கொசுக்கடியும்தான். முழுக்கைச் சட்டை, அந்தக் கைக்குக் கையுறை. கீறினால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள், மஞ்சளை அப்பிவிட்டு விடாதீர்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. கங்காணியிடம் வாளி தூக்காத வேலை கேட்கத் தயங்க வேண்டாம், டாக்டர் கடிதத்தோடு கேளுங்கள்.

கேள்வி: மார்பை எடுத்த இடத்தில் வைக்க சிலிகான் செயற்கை மார்பு வாங்க வசதி இல்லை. ரவிக்கை ஒரு பக்கம் ஏறிக்கொண்டு வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது.

நானே தைத்துக்கொண்டேன். பழைய பருத்திச் சேலைத் துணியில் கிண்ணம் போல இரண்டு அடுக்காக வெட்டி, நடுவில் பஞ்சும் அடியில் கொஞ்சம் கடுகும் வைத்துத் தைக்க வேண்டும். எடை முக்கியம், வெறும் பஞ்சாக இருந்தால் மேலே ஏறும், தோளும் சாயும். பச்சைப் பயறு வைக்கலாம் என்பார்கள், நம் ஊர் வியர்வைக்கு அது முளைவிட்டாலும் ஆச்சரியமில்லை. பிராவின் உள்பக்கம் சின்னப் பை தைத்து அதற்குள் செருகிவிடுங்கள். புண் முழுக்க ஆறும் வரை பஞ்சு மட்டும்.

கேள்வி: நோய் திரும்பாமல் இருக்கக் கொடுத்த டாமொக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டால் உடம்பு திடீர் திடீரென்று எரிகிறது. ஒரு வருஷம் ஆகிவிட்டதே, நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். சாதாரணமாக ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து. எரிச்சலுக்கு வழி இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு மறுபடி ரத்தம் பட்டாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தாலோ உடனே காட்ட வேண்டும். இளம் பெண்களே, இந்த மாத்திரை எடுக்கும்போது கர்ப்பம் கூடாது, மாதவிலக்கு வரவில்லை என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு வந்தது தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்கிறார் மாமியார்.

மரபணு வழியாக வருவது பத்தில் ஒன்றுக்கும் குறைவுதான். ஊருக்குச் சொல்ல வேண்டாம், அது உங்கள் இஷ்டம். மகளுக்குச் சொல்லுங்கள், அவள் டாக்டருக்கு அது தேவைப்படும். இதைக் கேட்டு ஓடும் மாப்பிள்ளை ஓடட்டும்.

கேள்வி: மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து குழாயோடு வீட்டுக்கு வருகிறாள். என்னிடம் காட்ட மாட்டேன் என்கிறாள். நான் என்ன செய்வது?

காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள் தம்பி. குழாயில் வடியும் நீர் சேரும் டிரெயின் பாட்டிலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கையைக் கழுவி, மிஸி காட்டித் தரும் விதமாகக் காலி செய்து, எத்தனை மில்லி என்று நாட்காட்டியில் எழுதி வையுங்கள், குழாயை எப்போது எடுப்பது என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் சொல்வார். ரத்தச் சிவப்பாக நிறைய வந்தாலோ நாற்றம் அடித்தாலோ போன் செய்யுங்கள். அரிசி மூட்டை இறக்குவது, துணி பிழிவது எல்லாம் கொஞ்ச காலத்துக்கு உங்கள் வேலை. சோறு வடிக்கத் தெரியாது என்றால் அவள் வருவதற்குள் கற்றுக்கொள்ளுங்கள்.