டீச்சரைக் கேளுங்கள்: எலிக்கு டெலோமியர் நீளம், ஆயுள் குட்டை

சென்ற இதழில் முதுமை பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். முகச்சுருக்கத்துக்குக் கிரீம் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் பாடம் இல்லை.

டீச்சர், என் மகன் மாலில் ஒரு டப்பா மாத்திரை வாங்கிவந்தான். டெலோமியரை நீளமாக்கி வயதைக் குறைக்குமாம். விலை என் பென்ஷனில் பாதி. சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, டோங்காட், தென்னாப்பிரிக்கா

வேண்டாம் அம்மா. ரசீது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

மாத்திரைக்காரர் சொல்வதில் பாதி உண்மைதான். 1961-இல் பிலடெல்பியாவில் ஹேஃப்ளிக், மூர்ஹெட் என்ற இருவர் மனிதச் செல்களைப் புட்டியில் வளர்த்தார்கள். ஒன்று இரண்டாகப் பிரிந்து, ஏறக்குறைய 50 முறை இரட்டித்த பிறகு அவை நின்றுவிட்டன. சாகவில்லை. உயிரோடுதான் இருந்தன, ஆனால் மேற்கொண்டு பிரியவில்லை. அதுவரை, அலெக்சிஸ் காரெல் வளர்த்த கோழி இதயச் செல்களைக் காட்டி, புட்டியில் போட்ட செல்லுக்குச் சாவே கிடையாது என்றுதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஏன் நின்றன? மரபணுக்களைச் சுமக்கும் இழையான குரோமோசோமின் இரு முனைகளிலும் ஆறெழுத்துத் தொடர் ஒன்று ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வருகிறது. அதுதான் டெலோமியர். செல் பிரியும்போதெல்லாம் அதில் கொஞ்சம் தேயும். தேய்ந்ததை நிரப்பும் நொதிக்கு டெலோமரேஸ் என்று பெயர். அதன் மரபணுவை 1998-இல் மனிதச் செல்லுக்குள் செலுத்தியபோது, நிற்க வேண்டிய செல்கள் நிற்காமல் பிரிந்தன. மாத்திரைக்காரரின் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடும்.

நாம் கொஞ்சம் மேலே போய், ஆய்வகத்து எலியைப் பார்ப்போம். அதன் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம். ஆயுளோ இரண்டு, மூன்று வருஷம். நீளம்தான் ஆயுள் என்றால் எலி நம் கொள்ளுப்பேரனையும் பார்த்துவிட்டுப் போக வேண்டுமே! அப்படியிருந்தும் எலியின் செல் புட்டியில் சீக்கிரமே நின்றுவிடுகிறது. காரணம் 2003-இல் தெரிந்தது: ஆக்சிஜன். வெளிக்காற்றில் அது 20 சதவீதத்துக்கு மேல். உடம்புக்குள் அதைவிட மிகக் குறைவு. 3 சதவீத ஆக்சிஜனில் வளர்த்துப் பார்த்தார்கள். எலிச் செல்கள் நிற்கவில்லை. அவற்றை நிறுத்தியது தேய்மானம் அல்ல, டிஎன்ஏவில் விழுந்த அடி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான உடல் செல்களில் நம் உடம்பு டெலோமரேஸைப் பூட்டித்தான் வைத்திருக்கிறது. அந்தப் பூட்டை உடைத்துக்கொள்வது எது தெரியுமா? புற்றுநோய். பத்துப் புற்றுநோய்க்கு எட்டு, ஒன்பதில் டெலோமரேஸ் வேலை செய்துகொண்டிருக்கும். செல் பிரியாமல் நிற்பது ஒரு காவலும்கூட. அந்த மாத்திரை எதையும் செய்யாது என்றால் பென்ஷன்தான் போச்சு. செய்யும் என்றால்தான் எனக்குப் பயம்.

ஒரு மரபணுவை மாற்றி, புழுவின் ஆயுளை இரட்டிப்பாக்கினார்கள் என்று படித்தேன். ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
– கல்லூரி மாணவி, லெனேசியா

உன் ஊரிலிருந்து, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஜெர்மிஸ்டன் ரொம்பத் தூரமில்லை, தெரியுமா? அங்கே செருப்புத் தைப்பவரின் மகனாக 1927-இல் பிறந்த சிட்னி பிரென்னர்தான், பின்னால் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து, சி. எலிகன்ஸ் என்ற அந்தப் புழுவை ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவர். படித்தது ஜோகன்னஸ்பர்க்கில், உங்கள் விட்ஸ் பல்கலைக்கழகத்தில். நோபல் பரிசு 2002-இல். அவர் படத்தை உங்கள் வகுப்பில் மாட்டியிருக்கிறார்களா? இல்லையென்றால் போய்க் கேள்.

புழுவின் ஆயுளைக் கணக்கெடுப்பதை ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அகலத் தட்டில் அகார் என்ற கெட்டிக் கூழ், அதன் நடுவே வட்டமாகப் பாக்டீரியா. அதுதான் புழுவுக்குச் சாப்பாடு. இளம் புழு நுண்ணோக்கியில் பளபளவென்று நெளிந்து ஓடும். நாள் ஆக ஆக உடம்பு சுருங்கிக் கிடந்த இடத்திலேயே கிடக்கும். தலை மட்டும் ஆடும். பிளாட்டினக் கம்பியைச் சுடரில் காட்டி, ஆறவிட்டு, மெல்லத் தொடுவார்கள். அசைந்தால் உயிர் இருக்கிறது. அசையவே இல்லையென்றால் தட்டிலிருந்து எடுத்துவிட்டு நோட்டில் ஒரு கோடு. தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்து செத்த புழு மட்டும் முதுமைச் சாவுக் கணக்கில் வராது, அதைத் தனியாகக் குறிப்பார்கள். பெரிய பெரிய ஆயுள் வரைபடங்களுக்கெல்லாம் அடியில் இருப்பது இந்த வேலைதான்.

இப்படி எண்ணித்தான் 1993-இல் சிந்தியா கென்யன் குழு, டாஃப்-2 என்ற மரபணு பலவீனமான புழுக்கள் இரண்டு மடங்குக்கும் மேல் வாழ்கின்றன என்று கண்டது. டாஃப்-16 என்ற இன்னொரு மரபணுவும் கெட்டிருந்தால் அந்த நீட்டிப்பு கிடைக்காது. நம்மோடு சம்பந்தம் 1997-இல் வெளிப்பட்டது. டாஃப்-2, நம் செல்லில் இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிக்கு உறவுக்காரன். டாஃப்-16, நம்மிடமுள்ள ஃபாக்ஸோ என்ற மரபணுக் குடும்பத்துக்கு உறவு. அதில் ஃபாக்ஸோ-3 மரபணுவின் ஒரு வகை, ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களில் நீண்ட ஆயுளோடு சேர்ந்து வருவதாக 2008-இல் தெரிந்தது.

ஆனால் வளர்ந்த புழுவின் 959 உடல் செல்களும் இனிப் பிரியாதவை. அதனால் ஹேஃப்ளிக் கண்ட நிறுத்தத்தைப் பற்றிப் புழுவிடம் கேட்டால் பதில் வராது. அதற்கு எலியிடம்தான் போக வேண்டும். ஒரு தாய்ச் செல் எத்தனை மொட்டு விடும் என்பதை ஈஸ்டிடம் கேட்கலாம். எந்தக் கேள்விக்கு எந்த உயிர் என்று பார்க்காமல் செய்தித்தாள் 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்' என்று எழுதிவிடுகிறது.

வீட்டில் பெரியவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. புழுவில் இன்சுலின் பாதையைக் குறைத்தால் ஆயுள் கூடியது என்பதற்காக யாரும் இன்சுலின் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நம் டர்பன் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எது?

புரட்டாசி முழுக்க நான் கவுச்சி தொடுவதில்லை. இதனால் ஆயுள் கூடுமா?
– 71 வயது வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

புண்ணியம் கூடும் ஐயா. ஆயுளுக்கு உத்தரவாதம் தர மாட்டேன். 1935-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே, எலிகளுக்குச் சத்துக் குறையாமல் கலோரியை மட்டும் குறைத்தார். அவை நீண்ட நாள் வாழ்ந்தன. குரங்குகளில் அமெரிக்காவில் இரண்டு இடத்தில் செய்து பார்த்தார்கள். விஸ்கான்சினில் பலன் தெரிந்தது. இன்னொரு இடத்தில் ஆயுள் கூடவில்லை, உடல்நலம் மட்டும் சிலவற்றில் மேம்பட்டது. கவனியுங்கள், குறைத்தது கலோரி. ஆட்டுக்கறியை விட்டுவிட்டுப் பூரியும் பாயசமும் சோயா பிரியாணியும் என்று வெட்டினால் மெக்கே வந்தாலும் காப்பாற்ற முடியாது.

ஜோம்பி செல்களைக் கொல்லும் மருந்து வந்துவிட்டதாமே? என் முழங்கால் வலிக்குக் கிடைக்குமா?
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பிரிவதை நிறுத்திய செல்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வேலைக்கும் போகாமல், வீட்டைவிட்டும் போகாமல், திண்ணையில் உட்கார்ந்து தெருவையே கெடுப்பவன் மாதிரி. அழற்சியைக் கிளப்பும் புரதங்களை விடாமல் சுரந்து, அக்கம்பக்கத்துச் செல்களையும் கெடுக்கும்.

இப்படி நின்றுபோன செல்கள் பலவற்றில் பி16 என்ற மரபணு விழித்திருக்கும். அது விழித்திருக்கும் செல்கள் மட்டும் ஒரு மருந்து கொடுத்தால் சாகும்படி, மேயோ கிளினிக்கில் எலிகளை உருவாக்கினார்கள். 2011-இல் சீக்கிரம் மூப்படையும் எலிகளில் பலன் தெரிந்தது. 2016-இல் சாதாரண எலிகளில் செய்தபோது இடைநிலை ஆயுள் சுமார் கால் பங்கு கூடியது. 2015-இல் மரபணு மாற்றம் இல்லாமலே, டாசடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தையும் வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். (வெங்காயத்தை மூட்டையாக வாங்க வேண்டாம், அந்த அளவு சமையலில் வராது.)

உங்கள் முழங்காலுக்கு வருகிறேன். இந்த வகை மருந்து ஒன்றை மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களின் முழங்காலில் ஊசியாகப் போட்டுச் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது: 12 வாரத்தில், மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. எலிகளில் இந்தச் செல்களை அடியோடு நீக்கினால் காயம் ஆறத் தாமதமாகிறது என்று 2014-இல் கண்டார்கள். புண்ணை மூட அவை கொஞ்ச நாள் தேவைப்படுகின்றன. நீங்கள் சர்க்கரைக்காரர் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இணையத்தில் விற்கும் எதையும் வாங்கும் முன், உங்கள் டாக்டரிடம் டப்பாவோடு போய்க் காட்டுங்கள்.