வாய்தா

அன்புள்ள ஐயா,

சட்டம் முடித்துப் பதிவும் செய்துவிட்டேன். தொழிலாளர் வழக்குகளில் நிர்வாகத் தரப்புக்கு மட்டும் ஆஜராகும் ஒரு சீனியர் என்னை ஜூனியராகக் கூப்பிடுகிறார். அப்பா முப்பது வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவர். விஷயம் தெரிந்ததிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் செய்வது துரோகமா? பிறகு தொழிலாளர் தரப்புக்கு மாற முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

துரோகம் எல்லாம் பெரிய வார்த்தை. சீனியர் மாதாமாதம் ஒழுங்காகப் பணம் தருவாரா என்று முதலில் விசாரியுங்கள். மாறுவதைப் பற்றி மாறும்போது யோசிக்கலாம்.

உங்கள் கடிதம் என் அப்பாவை ஞாபகப்படுத்திவிட்டது. அவரை ஒரு மில் டிஸ்மிஸ் செய்தது. வழக்கு லேபர் கோர்ட்டுக்குப் போனது. அப்போதிருந்த 1947-ம் வருடத்துத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 36(4) என்று ஒரு பிரிவு. எதிர்த்தரப்பின் சம்மதமும் கோர்ட்டின் அனுமதியும் இல்லாமல் வக்கீல் ஆஜராக முடியாது. அதாவது, வேலையைப் பறிகொடுத்தவன் சரி என்றால்தான் முதலாளியின் வக்கீல் வாயைத் திறக்கலாம். (முதலாளிகள் சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் வக்கீல் அந்த வழியாக உள்ளே வரலாம் என்று 1976-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது தனிக்கதை.)

"சம்மதம் கொடுக்காதீங்கண்ணே" என்றார் சங்கத்துக்காரர். அப்பா அந்த வக்கீலைப் பார்த்தார். கறுப்புக் கோட்டில் முழங்கை நைந்திருந்தது. "அவரும் பொழைக்கணும்ல" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வக்கீல் மரியாதையானவர்தான். குறுக்கு விசாரணையில்கூட அப்பாவை "ஐயா" என்றுதான் கூப்பிட்டார். ஆனால் வாய்தா! ஒரு தடவை சாட்சிக்குக் காய்ச்சல். ஒரு தடவை, டிஸ்மிஸுக்கு முன்னால் மில்லே நடத்திய உள்விசாரணையின் கோப்பு வந்து சேரவில்லை. அடுத்த தடவை வக்கீலுக்கே வேறு கோர்ட்டில் வேலை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா அதே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய், "அடுத்த மாசமாம்" என்று திரும்புவார். காலர் நைந்ததும் அம்மா அதைப் பிரித்துத் திருப்பித் தைத்தாள். ஏழு வருடம் கழித்து, திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பு வந்தபோது அவருக்கு ஓய்வு வயது தாண்டியிருந்தது.

நிர்வாகத்துக்கு வாதாடுவதில் ஒரு தப்பும் இல்லை. நல்ல நிர்வாக வக்கீல், "நீ திருடினாய், விளக்கம் கொடு" என்று தொழிலாளிக்குக் கம்பெனி கொடுக்கும் குற்றச்சாட்டுக் கடிதம், அதாவது சார்ஜ் மெமோ, எழுதி வந்தால் அதைக் கிழித்துப் போடுவார். விசாரிக்கும் முன்பே முடிவு கட்டியது அந்த வரியிலேயே தெரிந்துவிடும். அவர் அங்கேயே தடுத்த டிஸ்மிஸ் எந்தத் தீர்ப்பிலும் வராது.

ஆனால் இழுத்தடிக்காதீர்கள். கம்பெனி காத்திருக்கும், வீட்டு வாடகை காத்திருக்காது. ஜெயித்தவனையும் மேல் கோர்ட்டுக்கு இழுத்துப் பட்டினி போட்டதால்தான் அதே சட்டத்தில் 17பி என்று ஒரு பிரிவை 1982-ல் சேர்த்து 1984-ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே வழக்கு முடியும்வரை, வேறு வேலை இல்லாதவனுக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டிரு என்று. நீங்கள் சேரப்போகும் தொழிலுக்குப் பாராளுமன்றம் கொடுத்த நற்சான்றிதழ் அது.

சரி, சேருங்கள். அப்பா பேசவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல், அவர் யார் யாருக்காக எத்தனை வாய்தாவுக்குப் போய் உட்கார்ந்தார் என்று இன்று ராத்திரி அவரிடமே கேளுங்கள். பேசுவார்.