அவள் இன்னும் சாகவில்லை, தம்பி

கேள்வி: வணக்கம் அக்கா. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம், துறைமுகத்தில் வேலை எனக்கு. பத்தாவது படிக்கும் என் பையன் நண்பன் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் போய், டைஸ் உருட்டி ஆடுகிற ஆட்டம்) கற்றுக்கொண்டு வந்து, "நீங்க டன்ஜன் மாஸ்டரா இருங்கப்பா" என்றான், அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவர். மூன்று மாதமாக ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஆடினோம். பையன், ஐந்தாவது படிக்கும் மகள், பாதி நேரம் அடுப்படியில் நிற்கும் மனைவி. என் அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "விளக்கு வெச்ச நேரத்துல என்ன தாயம் வேண்டிக்கிடக்கு" என்று முணுமுணுப்பார். இரண்டு வாரத்துக்கு முன்பு அண்ணன் சொன்னானென்று மகள் ஒரு கதவைத் திறந்தாள். உள்ளே பொறி. ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, பூச்சியம், அவள் கேரக்டர் செத்துவிட்டது. அவள் அழுதாள், அவன் சிரித்தான். அதிலிருந்து வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. டைஸை மறைத்து உருட்டி அவளைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா? இல்லை, நம்ம வீட்டுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, அந்தப் பிள்ளை சாகவே இல்லை. நீங்கள்தான் அவசரப்பட்டுப் பாடை கட்டிவிட்டீர்கள்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதியைத்தான் பையன் கற்றுக்கொண்டு வந்திருப்பான் என்று நினைக்கிறேன். அதில் ஹிட் பாயின்ட் பூச்சியம் ஆனால் மயங்கி விழுவாள், அவ்வளவுதான். அப்புறம் அவள் முறை வரும்போதெல்லாம் இருபது முக டைஸை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி, கீழே விழுந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி சேர்ந்தால்தான் சாவு. நேராக 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயின்டோடு கண் விழித்தே விடுவாள். இதற்கு நடுவில் பக்கத்தில் இருப்பவர் யாராவது ஓடி வந்து கட்டுப் போடலாம், அதற்கும் 10 விழுந்தால் போதும். ஒரே ஒரு விலக்கு உண்டு: பூச்சியத்துக்குப் போன பிறகு மிச்சமிருக்கும் அடியே அவளுடைய முழு ஹிட் பாயின்ட் அளவுக்கு இருந்தால் அந்த இடத்திலேயே முடிந்தது. அவளுக்கு மொத்தம் 9 இருந்து, அந்த 9-ம் முழுசாக இருந்தபோது அடி விழுந்தது என்று வையுங்கள், 18 விழுந்திருக்க வேண்டும். பொறி எவ்வளவு அடித்தது என்று நீங்கள் எழுதவில்லை. போய் நோட்டைப் பாருங்கள்.

விதி இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த வரி வேறு. "அண்ணன் சொன்னானென்று" கதவைத் திறந்தாள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். மூன்று மாத ஆட்டத்தில் அவளாக எடுத்த முடிவு ஒன்றாவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள், எனக்கென்னவோ இருக்காது என்று தோன்றுகிறது. வீட்டில் "போய்க் கதவைத் திற", "போய்த் தண்ணி கொண்டா" என்று யார் யாரை விரட்டுகிறோமோ அதே விரட்டல் ஆட்டத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும், நாம் கவனிக்கவே மாட்டோம், ஏனென்றால் அது நமக்குப் பழகிய சத்தம். தானே வம்பாகப் போய் ஒரு கதவைத் திறந்து செத்திருந்தால் கொஞ்சம் மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுநாள் வேறு கேரக்டர் எழுதியிருப்பாள். அவன் சொல்லி இவள் செத்து, சொன்னவனே சிரித்தால் யாருக்குத்தான் அழுகை வராது?

அதனால் ஒரே ஒரு வீட்டு விதி சொல்கிறேன். அவரவர் கேரக்டருக்கு அவரவர் மட்டும்தான் வாய். ஒருத்தி யோசிக்கும்போது இன்னொருத்தர் "அதைச் செய், இதைச் செய்" என்று சொல்லக் கூடாது, டன்ஜன் மாஸ்டர் அப்பாவுக்கும் சேர்த்துத்தான். சின்னவளிடம் முதலில் கேளுங்கள், "நீ என்ன பண்றே?" என்று. கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இதுதான் கஷ்டம். முதல் தடவை என் மகள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் மனசுக்குள் நாற்பது வரை எண்ணினேன், என் வீட்டுக்காரர் இருமினார், மின்விசிறி கிறீச்சிட்டது, அப்புறம் அவள் மெதுவாக, "நான் அந்த ஓநாய்கிட்ட பேசிப் பாக்கறேன்" என்றாள். நான் அந்த ஓநாயைச் சண்டைக்கென்றே எழுதி வைத்திருந்தேன். என்ன செய்வது, பேசியது.

மறைத்து உருட்டுவதா? நான் செய்திருக்கிறேன், தம்பி, அதனால் சொல்கிறேன், வேண்டாம். தினசரி காலண்டர் அட்டையைத் தடுப்பாக வைத்து, மகனுடைய கேரக்டர் பிழைக்கட்டுமே என்று எதிரிக்கு விழுந்த 18-ஐ 8 என்று சொன்னேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டான். கோபப்படவில்லை. "அப்ப போன வாரம் நான் ஜெயிச்சதும் பொய்யாம்மா?" என்று மட்டும் கேட்டான். அட்டையை அன்றே தூக்கி எறிந்துவிட்டேன். இப்போதெல்லாம் எல்லோர் கண் முன்னாலும்தான் உருட்டுவது. ஆனால் உருட்டுவதற்கு முன்பே தோற்றால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுவேன்: கை மாட்டிக்கொள்ளும், விளக்கு அணையும், காவல்காரன் விழித்துக்கொள்வான், இப்படி. உயிர் போகும் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெரிந்துகொண்டு கையை விடுவது வேறு, தெரியாமல் விட்டு மாட்டுவது வேறு இல்லையா.

நம்ம வீட்டுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆட்டம் புத்தகமாக வந்தது 1974-ல், எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும். அதற்கு முன்பு கைகாக்ஸ் முதலில் உட்கார வைத்து ஆடிப் பார்த்தது தன் சொந்தப் பிள்ளைகளைத்தான், எர்னி என்ற பையனையும் எலீஸ் என்ற பெண்ணையும். வீட்டில் பிறந்த ஆட்டம்தான், போங்கள்.

அம்மா முணுமுணுக்கிறார் என்கிறீர்களே, தாயம் உருட்டினால் வீட்டில் சண்டை வரும் என்று எங்கள் ராயபுரத்து வீட்டிலும் அதே பாட்டுத்தான். நான் மாமியாரிடமே போய் அவருடைய பித்தளைத் தாயக்கட்டையைக் கேட்டேன். 0, 1, 2, 3 என்று நாலு பக்கம், அப்படி இரண்டு கட்டை. மொத்தம் 16 விதமாக விழலாம், இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. சுலபமான வேலைக்கு 3 அல்லது மேலே என்று வைத்தால் 16-ல் 11 வாய்ப்பு, நடுத்தரத்துக்கு 4 என்றால் 7, கஷ்டமானதற்கு 5 என்றால் 4. பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு இருக்கிறது, உங்கள் பையனைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் வாய் மூடியிருப்பான். இருபது முக டைஸுக்குப் பதில் நாங்கள் சில வாரம் இதிலேயே ஆடினோம். கட்டை தன்னுடையது என்பதால் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா.

அந்தச் சமயம் கோட்டையும் டிராகனும் எனக்கே சலித்துப்போயிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டதே, அந்த ராத்திரியையே கதையாக வைத்தேன். காசிமேட்டு மீனவர் ஒருவர், துறைமுகக் கூலி ஒருவர், ரயில்வே பையன் ஒருவன். ராயபுரம் ஸ்டேஷன் 1856-லேயே வந்துவிட்டது, அதனால் ரயில் ஏறித் தப்பிக்கவும் வழி வைத்திருந்தேன். மகன் கட்டுமரத்தைக் கரைக்குத் திருப்புகிறேன் என்றதும் மாமியார், "கச்சான் அடிக்கறப்ப எங்கடா திருப்புவ, அது வெளியதான் தள்ளும்" என்று ஒரு அதட்டல். கச்சான் என்றால் மேற்கே கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. அவர் அப்பா கடலுக்குப் போனவர். அன்றிலிருந்து காற்று, அலை, மீன் எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதுதான் விதி, நான் கேட்டு எழுதிக்கொள்வேன். இன்றுவரை அவருக்குக் கேரக்டர் ஷீட் (கேரக்டரின் விவரம் எழுதி வைக்கும் தாள்) கிடையாது, வேண்டாம் என்றுவிட்டார்.

உங்கள் மனைவி பற்றி ஒரே வார்த்தை. எட்டு மணிக்கு ஆட்டம் வைத்தால் தோசையை யார் சுடுவது? ஏழரைக்குள் எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரத்தை நீங்களும் பையனும் கழுவி வைத்துவிட்டு, அவர் வந்து உட்கார்ந்த பிறகு தொடங்குங்கள். ஒன்றரை மணி நேரம் போதும், மறுநாள் பள்ளிக்கூடம். புத்தகத்துக்குச் செலவு செய்யவும் வேண்டாம், அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டிருக்கிறார்கள், வேண்டிய பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இந்த ஞாயிறு என்ன செய்வது? பிள்ளைகளிடம், "அப்பா விதியைத் தப்பாப் படிச்சுட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள், இதில் கௌரவம் ஒன்றும் போகாது. நோட்டில் அடி 18 என்றே இருந்தாலும், அந்தக் கதவுக்கு உயிர் போகும் என்று நீங்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் அதைத் தள்ளிவிடுவதாக எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு அதே இடத்திலிருந்து தொடங்குங்கள். கதவு திறந்திருக்கிறது, அவள் வாசலில் மயங்கிக் கிடக்கிறாள். டைஸை அவள் கையில் கொடுங்கள். அண்ணன் வந்து கட்டுப் போடுவானா, உள்ளே இருக்கும் பெட்டியைப் பார்க்க ஓடுவானா, அது அவன் பாடு, நீங்கள் கண் ஜாடை காட்டாதீர்கள். எழுந்ததும் அவள் என்ன செய்தாள் என்று எனக்கு எழுதுங்கள். அண்ணனுடைய கேரக்டரை ஓங்கி ஒன்று விடுகிறேன் என்றாலும் சரிதான், உருட்டச் சொல்லுங்கள்.