காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கு யார் சம்பளம் தருவார்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஆதிவாசிப் பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு சிறிய அறக்கட்டளையைப் பதினொரு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தொண்டு நிறுவனத் தலைவர்களுக்கென வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் பத்து வார ஃபெலோஷிப்புக்குத் தேர்வாகியிருக்கிறேன். விமானக் கட்டணம், தங்குமிடம், உதவித்தொகை அனைத்தையும் குளிர்பானமும் தின்பண்டமும் விற்கும் ஒரு பன்னாட்டு நிறுவனம் ஏற்கிறது. 'பிளாச்சிமடைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தப் பணத்திலா போவது?' என்று எங்கள் அறங்காவலர் ஒருவர் கேட்கிறார். போகலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அறங்காவலர் கேட்டதை வீம்புப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்திலேயே, பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில், 2000-இல் இயங்கத் தொடங்கிய குளிர்பான ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டம் தொடங்கியது. கிணற்று நீர் சமைக்கவும் குளிக்கவும் உதவாமல் போனதை உலகுக்கு எடுத்துச் சொன்ன எரவாளர் பழங்குடிப் பெண்மணி மயிலம்மா எந்தப் பல்கலைக்கழகத்திலும் தலைமைப் பயிற்சி பெற்றவர் அல்லர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-இல் மாநில அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 2011-இல் கேரளச் சட்டப்பேரவை நிறைவேற்றிய இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. கணக்குத் தீராத ஊரில் குளிர்பானக் காசு என்றதும் முகம் சுளிப்பது இயல்புதான்.

ஆனாலும், உங்களுக்குப் பணம் தருவது அதே நிறுவனமா, அதே தொழிலில் உள்ள வேறொன்றா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதே நிறுவனமென்றால் போகாதீர்கள். நீங்கள் யாருடைய பிள்ளைகளுக்காக உழைக்கிறீர்களோ அவர்களுடைய வீட்டுத் திண்ணையில் அதற்கு விளக்கம் சொல்லி முடியாது. வேறு நிறுவனமென்றால், பணம் எங்கிருந்து பிறந்தது என்பதை மட்டும் வைத்து முடிவெடுப்பது கடினம். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரும் ரோட்ஸ் உதவித்தொகைக்குப் பின்னால் இருப்பது தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கத்தில் சேர்ந்த செல்வம். அட்லாண்டிக் ஃபெலோஷிப்புக்குப் பின்னால் இருப்பது விமான நிலையங்களில் வரியில்லாக் கடை நடத்திச் சேர்த்த செல்வம். முன்னதில் கறை அதிகம், பின்னதில் குறைவு என்று சொல்லலாமே தவிர, வணிகத்தின் வாடையே படாத ஃபெலோஷிப்பைத் தேடினால் அநேகமாக வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

எனவே ஒப்பந்தத்தைப் பாருங்கள். தேர்வுக் குழுவில் அமர்ந்தவர்கள் பல்கலைக்கழகத்தாரா, நிறுவனத்தின் விளம்பரப் பிரிவினரா? உங்கள் பெயரையும் படத்தையும் எந்த நாட்டிலும் எவ்வளவு காலமும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறதா? 'புரவலரின் நற்பெயருக்குக் குந்தகம் விளைவிக்கும் கருத்துகளை வெளியிடக் கூடாது' என்று இன்னொரு வரி இருக்கிறதா? முதல் வரிக்குக் கால வரம்பு கேளுங்கள். இரண்டாவது வரியை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால், நிலத்தடி நீர் வற்றிக் கிடக்கும் வட்டாரத்தில் வாயைக் கட்டிக்கொண்டு தொண்டு செய்ய முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது, நீங்கள் கேட்காத ஒன்று. பத்து வாரம் உங்கள் நாற்காலியில் யார் உட்காருவார்? பல ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு அழைப்பில் நானும் எட்டு வாரம் போய்வந்தேன். பெட்டியை நடையில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனால், மேசையில் பிரிக்காத கடிதங்கள் இருபத்துமூன்று. அடியிலிருந்து நான்காவது உறையில், எங்கள் மாலைப் பள்ளிக்கு ஒதுக்கியிருந்த தொகையைப் பெறக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டிய படிவம் இருந்தது. கடைசி நாள் கடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று என்னுடையது. அந்த ஏற்பாட்டை மாற்றாமல் போன மடமை என்னுடையதே. தலைமைத்துவம் பற்றி நான் கேட்டுவந்த விரிவுரைகளுக்கு, இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வகுப்பெடுத்த ஆசிரியைகள் விலை கொடுத்தார்கள்.

ஆகவே, உங்கள் இடத்தில் மூன்று மாதம் பொறுப்பேற்பவருக்கான சம்பளத்தையும் கேளுங்கள். மாதம் 25,000 என்று வைத்தாலும் 75,000 ரூபாய். உங்கள் பயணத்துக்கு ஆகப்போகும் மொத்தச் செலவில் அது சிறு பங்குதான். இதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து உங்களுக்குத் தனிநபர் உதவித்தொகையாக வருவது வேறு. அறக்கட்டளைக்கு வருவது வேறு. பின்னதற்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நிதிப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். பணமும் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். பதிவுள்ள வேறோர் அமைப்பு வாங்கி உங்களுக்குத் தரலாமே என்றால், 2020 திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. நிறுவனத்தின் இந்தியக் கிளை, தன் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியிலிருந்து உங்கள் படிப்புத் திட்டத்துக்கு ரூபாயில் தர முடியுமா என்று கேட்பது நல்ல வழி; அதற்கு உங்கள் அறக்கட்டளை சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் ஏதேனும் கட்சியில் பொறுப்பு வகிக்கிறீர்களா? நம் பக்கத்தில் தொண்டும் கட்சியும் ஒரே சட்டைப் பையில் இருப்பது வழக்கமாதலால் கேட்கிறேன். அரசியல் கட்சியின் பொறுப்பாளர் வெளிநாட்டில் வெளிநாட்டாரின் விருந்தோம்பலை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அரசு ஊழியருக்கும் அப்படியே.

கேள்வி: நான் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். உள்ளூர்த் தொண்டு நிறுவனத் தலைவர்கள் இருவரை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பி, அந்தச் செலவை இரண்டு சதவீதக் கணக்கில் காட்டலாமா?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: காட்ட முடியாது. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்கீழ், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகள், இந்தியாவுக்கு வெளியே நடக்கும் பணிகளை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டன. மாநிலத்துக்காகவோ நாட்டுக்காகவோ விளையாடுவோரின் பயிற்சி மட்டுமே இதற்கு விதிவிலக்கு. விளம்பரப் பயன் கருதித் தரும் புரவலர் தொகையும் சேராது. அனுப்ப விரும்பினால் நிறுவனத்தின் பொதுச் செலவில் அனுப்புங்கள்.

கேள்வி: எனக்குத் தமிழும் மலையாளமும் நன்றாக வரும், ஆங்கிலம் வராது. இந்த ஃபெலோஷிப் எல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லையா?
– வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: அமெரிக்க அரசின் ஹம்ஃப்ரி, பிரிட்டிஷ் அரசின் செவனிங் போன்றவற்றுக்கு ஆங்கிலம் இல்லாமல் முடியாது. ஆனால் சர்வதேச ஃபெலோஷிப் என்றாலே விமானம் ஏற வேண்டும் என்பதில்லை. 1980-இல் பில் டிரேட்டன் தொடங்கிய அசோகா அமைப்பு, தேர்ந்தெடுத்தவரை எங்கும் அழைத்துப்போய் உட்கார வைப்பதில்லை. அவர் தம் ஊரிலேயே முழுநேரமும் தம் பணியைச் செய்வதற்கு வாழ்க்கைச் செலவுக்கான தொகையைச் சில ஆண்டுகள் தருகிறது. அதன் முதல் ஃபெலோ மும்பையைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை குளோரியா டி சௌசா. உங்கள் பணியை நேரில் பார்த்தவர் யாராவது உங்கள் பெயரை முன்மொழியலாம். கொழிஞ்சாம்பாறை வாசகியும் பத்து வாரத்துக்குப் பதில் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை.