என்னில்தான் பிழை

அன்புள்ள அண்ணா,

என் மகளுக்கு 11 வயது. போன மாதம் சீட்டுக் கட்ட எடுத்து வைத்திருந்த 5000 ரூபாய்த் தாளைக் காணவில்லை. அதற்கு முதல் நாள்தான் அவள் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் காசு கேட்டிருந்தாள். நான் இல்லையென்று சொல்லியிருந்தேன். அதனால் அவள்தான் எடுத்திருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டேன். இல்லையம்மா, இல்லையம்மா என்று அவள் சொல்லச் சொல்ல அகப்பைக் காம்பால் அடித்தேன். கள்ளி என்றும் சொன்னேன். என் அம்மாவும் அக்காவின் பிள்ளைகளும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு நாள் கழித்து, அலுமாரித் தட்டில் விரித்திருந்த பேப்பருக்கு அடியில் அந்தத் தாள் கிடந்தது. வைத்தவள் நானேதான். காசு கிடைத்துவிட்டது என்று மட்டும் வீட்டில் சொன்னேன். எங்கே கிடைத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குப் பிடித்த இறால் பொரித்துக் கொடுக்கிறேன், தலை வாரிவிடுகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். “பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் பிறகு அது உன்னை மதிக்குமா?” என்று ஏசினார். கணவருக்கும் அதே எண்ணம்தான். இன்னொன்று. அவளுக்கு 3 வயதாக இருந்தபோது நான் இரண்டு வருடம் குவைத்தில் வேலை செய்தேன். அதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்று இரவில் நினைத்துக்கொள்கிறேன். அந்தத் தாளைச் செலவழிக்க மனமில்லை. கடன் வாங்கித்தான் சீட்டைக் கட்டினேன்.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கேட்க வேண்டும். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. எப்படிக் கேட்பது, யார் முன்னால் கேட்பது என்பவைதான் மிச்சம். அதற்கு முன் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லவிடுங்கள்.

1978 நவம்பர் 23, மட்டக்களப்பைச் சூறாவளி அடித்த நாள். எனக்கு அப்போது 9 வயது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிடுகு வேய்ந்த வீடு, பின்னால் மாட்டுக் கொட்டில், அதில் ஒரு கன்று. காற்று ஏறத் தொடங்கியதும் கன்றை அவிழ்த்துவிட்டு வரும்படி அப்பா சொன்னார். ஓடினேன். மழையில் ஊறிய தும்புக்கயிறு இறுகிப்போயிருந்தது. விரலுக்கு அசையாத முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் தளர்த்தினேன். பிறகு எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு ஓடினோம். அப்பா கடைசியாக வந்து சேர்ந்தார்.

விடிந்து போய்ப் பார்த்தால் எங்கள் வளவில் ஒரு தென்னைகூட நிமிர்ந்து நிற்கவில்லை. கொட்டில் சரிந்து கிடந்தது. அதற்கு அடியில் கன்று, கழுத்தில் கயிற்றோடு.

அயலார் எல்லோரும் நின்ற இடத்தில் அப்பா என் கன்னத்தில் அறைந்தார். “சொன்ன வேலையைச் செய்யாமல் செய்தேன் என்று பொய் சொல்கிறான்” என்றார். சில நாள் கழித்து நிவாரணமாகப் பாண் வந்தது. அப்பா தன் பங்கைப் பிய்த்துப் பேசாமல் என் தட்டில் வைத்தார். நான் சாப்பிட்டேன். பசி.

அப்பா 1999இல் காலமானார். முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு அம்மா சொன்னார்: “அந்தக் கன்று செத்தது உன்னில் பிழையில்லை மகன். வெள்ளத்துக்குள் போய்விடும் என்று பயந்து அப்பாதான் அதைத் திரும்பக் கட்டினார். அந்தக் கிழமையே என்னிடம் சொல்லி அழுதார்.”

அம்மாவிடம் சொல்லி அழுதவருக்கு, என்னிடம் வந்து ஒரு வசனம் சொல்ல 21 வருடத்தில் ஒரு நாள் வாய்க்கவில்லை.

அறை எனக்கு மறந்துபோயிற்று. கயிறு மறக்கவில்லை. பல்லிடுக்கில் தும்பு சிக்கியது நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் அப்பா பொய் சொல்ல மாட்டாரே, அப்படியென்றால் நான்தான் சரியாக அவிழ்க்கவில்லையோ, அவிழ்த்ததாக நினைத்துக்கொண்டேனோ என்று அந்த வயதிலேயே எனக்குள் சந்தேகம் விழுந்துவிட்டது. பரீட்சையில் சரியான விடையை எழுதிவிட்டு வெட்டுவேன். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் அந்தக் கன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என் கை செய்ததை நானே நம்பாத பழக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

உங்கள் மகளும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறாள். தான் எடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவள் அதிகம் நம்பும் ஆள், நீ எடுத்தாய் என்று தீர்ப்புச் சொல்லி அடித்தும்விட்டார். அந்தத் தீர்ப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. இறால் பொரியல் அதை மாற்றாது. காசு எங்கே கிடைத்தது என்று நீங்கள் சொல்லாததால், அவள் பயந்து திருப்பி வைத்துவிட்டாள் என்றுகூட அக்காவின் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கலாம். இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மதிப்புப் போய்விடும் என்கிறார் உங்கள் அம்மா. அவரிடம் கோபிக்காதீர்கள். அவர் வளர்ந்த காலத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அவர் வைகாசிச் சடங்குக்குப் போகிறவராகத்தான் இருப்பார். செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகியம்மன் கதவு திறந்து கண்ணகி வழக்குரைப் பாட்டைப் பாடுவார்கள், கடைசியில் அம்மனின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கும். அங்கே பாடப்படுவது என்ன? சரியாக விசாரிக்காமல் ஒருவனைக் கள்வன் என்று தீர்த்துவிட்ட அரசனின் கதை. கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மதுரை எரிந்திருக்காது. ஆனால் சிலம்பு உடைந்து உண்மை தெரிந்த பிறகு பாண்டியன் தன் பிழையைச் சபையிலேயே ஒத்துக்கொண்டான். அதனால் அவனை இழிவாகப் பேசும் ஒருவரை நான் கண்டதில்லை. உங்கள் அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த கதை இது.

பிள்ளை சொல்வதைக் கேட்பது இன்று நாங்கள் பார்த்துச் செய்யும் தயவும் இல்லை. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தன்னைப் பற்றிய விடயத்தில் தன் கருத்தைச் சொல்லவும், அது கவனிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆம் உறுப்புரை.

மன்னிப்பு என்ற பெரிய சொல் உங்களுக்கு வராவிட்டால் விட்டுவிடுங்கள். கடைத்தெருவில் யாருடைய காலையாவது மிதித்துவிட்டால்கூட “சொறி” (sorry) சொல்கிறோம், அந்தச் சொல்லும் இதற்குப் போதாது. எங்கள் ஊர்ப் பேச்சிலேயே நல்ல வசனம் இருக்கிறது: என்னில்தான் பிழை. அதோடு நடந்ததையும் சொல்லுங்கள். “காசை நான்தான் பேப்பருக்குக் கீழே வைத்தேன் மகள். வைத்ததை மறந்துவிட்டு உன்னைக் கள்ளி என்றேன். நீ உண்மையைத்தான் சொன்னாய், நான் கேட்கவில்லை. என்னில்தான் பிழை.”

இந்த இடத்தில் “ஆனால்” என்ற சொல் வந்துவிடக் கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் மகனுக்கு 14 வயதிருக்கும்போது, அவன் வகுப்புக்குப் போகாமல் கல்லடிக் கடற்கரையில் நின்றதாக யாரோ சொன்னதைக் கேட்டுக் கண்டபடி ஏசிவிட்டேன். அங்கே நின்றது வேறு பிள்ளை. அன்றிரவே அவனிடம் போனேன். “பிழைதான் மகன், ஆனால் நீயும் நேரத்துக்கு வீடு வருகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்காது” என்றேன். அவன் புத்தகத்தை மூடிவிட்டு, “அப்பா, இப்போது பிழை உங்களிலா, என்னிலா?” என்று கேட்டான். அடுத்த நாள் காலையில் திரும்பப் போய், முதல் பாதியை மட்டும் சொன்னேன். “ஓம்” என்றான். பிறகு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டான்.

அடித்ததைத் தனியாகச் சொல்லுங்கள். அவள் உண்மையாகவே காசை எடுத்திருந்தாலும் அகப்பைக் காம்பால் அடித்தது பிழைதான். “நீ எடுக்காதபோது அடித்துவிட்டேன்” என்று சொன்னால், எடுத்திருந்தால் அடிக்கலாம் என்று ஆகிவிடும்.

குவைத்தை இதில் சேர்க்க வேண்டாம். அது வேறு கதை. 3 வயதுப் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போனது நீங்கள் அவளுக்குச் செய்த குற்றம் இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தக் காசில்தான். குற்றம் இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டால், அவளுக்கு உண்மையில் நடந்த அநியாயமும் அதற்குள் கரைந்துவிடும். ஏன் போனீர்கள், அங்கே என்ன வேலை செய்தீர்கள், அவளுடைய எந்தப் படத்தைக் கொண்டுபோனீர்கள் என்றெல்லாம் வேறொரு நாளில் ஆறுதலாகச் சொல்லுங்கள். அவள் அழுதால் அழட்டும், நீங்களும் அழுங்கள்.

காசு விடயத்தை, அவளைக் கள்ளி என்ற அதே வாசலில், அன்று நின்றவர்கள் எல்லோரும் நிற்கும்போது சொல்லுங்கள். அறைக்குள் கூப்பிட்டு இரகசியமாகச் சொன்னால், அம்மம்மாவின் கண்ணிலும் அக்கா பிள்ளைகளின் கண்ணிலும் அவள் கள்ளியாகவே இருப்பாள். உங்கள் அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இடையில் புகுந்து தடுக்காமல் இருப்பார். சொல்லி முடித்ததும் “அம்மாவை மன்னித்துவிட்டாயா?” என்று கேட்காதீர்கள். அவளுக்கு அது இன்னொரு பரீட்சை. உடனே கட்டிப்பிடிக்க வருவாள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். என் மகனைப் போல எழுந்து போய்விடலாம். போகட்டும்.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் “மறுகா” என்றொரு சொல் வைத்திருக்கிறோம். பிறகு பார்ப்போம் என்று தள்ளிவிட வசதியான சொல். என் அப்பா 21 வருடம் தள்ளினார். அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத் தன் பாணைத் தந்த மனிதர். அவர் வாயால் அந்த ஒரு வசனத்தைக் கேட்க இன்றும் எனக்கு ஆசையாக இருக்கிறது.

அந்த 5000 ரூபாயில் மகளுக்கு உடுப்பு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கடன் தந்தவரிடம் கட்டிவிடுங்கள். போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போய், அவள் கையாலேயே அந்தத் தாளைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணா